கோச் கட்டை போடுகிறாரா? திட்டுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

பிரான்ஸ் ஆடும் இரவு புதுச்சேரிக்குப் பாதி உள்ளூர் ஆட்டம் மாதிரி. சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள்) மட்டுமல்ல, பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களும் நீலச் சட்டையோடு டிவி முன் உட்கார்ந்திருப்பார்கள். டிடியே டெஷாம்ப்ஸ் 2012-இல் பிரான்ஸ் அணியின் கோச்சாகப் பொறுப்பேற்றதிலிருந்து ஆட்டம் முடிந்தபின் வரும் சண்டையும் மாறவில்லை. எம்பாப்பே மாதிரி ஆளைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் தாக்காமல், தடுத்தே ஆட வைத்து இப்படிக் கட்டை போடுகிறார்?

இதே கேள்வி புதுச்சேரி உப்பளத்திலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் 14 வயதுப் பையன்களுக்குப் பயிற்சி தருபவர் மீதும் வீசப்படுகிறது. டெஷாம்ப்ஸ் காதில் நம் கூச்சல் விழாது. உப்பளத்தில் விழும், ஆடுகிற பையன் காதிலும் விழும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பின்னால் நின்று ஆடுவது ஒரு முறை, அவ்வளவுதான். ஆட்டத்தின் நிலைமை மாறிய பிறகும் தன் முறையை மாற்றத் துணியாமல் இருப்பதுதான் கோச்சின் குறை. ரசிகர்கள் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கான திட்டைக் கொடுக்கிறார்கள்.

தடுப்பில் (பேக்), நடுக்களத்தில், முன்னால் (ஃபார்வர்டு) எத்தனை பேர் என்று சொல்லும் ஃபார்மேஷன் எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்வதுதான் இதில் பெரிய கோளாறு. 4-3-3 என்றால் தாக்குதல், 5-3-2 என்றால் தடுப்பு என்ற கணக்கு, ஆட்டம் தொடங்குமுன் திரையில் காட்டும் படத்தோடு சரி. 5-3-2-இல் இரண்டு ஓரத்து பேக்குகளும் நடுக்கோட்டைத் தாண்டி நின்றால் அது 3-5-2. அதே 4-3-3-இல் இரண்டு விங்கர்களும் (ஓரத்தில் தாக்குபவர்கள்) தங்கள் பேக்குகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் அது 4-5-1. 2018 உலகக் கோப்பையில் டெஷாம்ப்ஸ் இடது ஓரத்தில் விங்கரைப் போடாமல், நடுக்களத்தில் ஆடிப் பழகிய மட்டுய்டியை நிறுத்தினார். பயந்த வேலை என்று தோன்றும். ஆனால் மட்டுய்டி உள்ளே வந்து நடுக்களத்து கான்டே, போக்பாவோடு மூன்றாவது ஆளாக நின்றதால்தான், வலது ஓரத்தில் எம்பாப்பே பின்னால் ஓடி வரத் தேவையில்லாமல் மேலேயே காத்திருக்க முடிந்தது. ஒரு பக்கம் சிக்கனம், மறுபக்கம் செலவு. சென்டர் ஃபார்வர்டு ஜிரூ அந்தத் தொடர் முழுக்க ஒரு கோல்கூடப் போடவில்லை. அப்படியும் நாக் அவுட்டின் நான்கு ஆட்டங்களில் பிரான்ஸ் அடித்தது 11 கோல். இறுதி ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் குரோஷியாவின் காலில்தான் இருந்தது, ஸ்கோர் 4-2. பந்து யாரிடம் எத்தனை சதவீதம் இருந்தது என்ற எண் கோச்சின் துணிச்சலைச் சொல்லாது.

குறை சொல்ல இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2024 யூரோவில் (ஐரோப்பியக் கோப்பை) அதே டெஷாம்ப்ஸின் அணி அரையிறுதி வரை வந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆட்டங்களில் எதிரணி தன் கோலிலேயே போட்டுக்கொண்டது இரண்டு, எம்பாப்பேயின் பெனால்டி ஒன்று. ஓடும் ஆட்டத்தில் பிரெஞ்சு வீரர் ஒருவர் போட்ட முதல் கோல், ஸ்பெயினோடு ஆடிய அரையிறுதியில் கோலோ முவானி தலையால் முட்டியது. அங்கே ரசிகர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

மைதானத்தில் எதைப் பார்ப்பது

பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் பிடிபடாது. முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு நம் அணியின் கடைசி வரிசையைப் பாருங்கள். முழு அளவு மைதானம் பொதுவாக 105 மீட்டர் நீளம், நம் கோல் கோட்டிலிருந்து அளந்தால் நடுக்கோடு 52.5 மீட்டரில். பெனால்டி பெட்டியின் கோடு 16.5 மீட்டரில், அதன்மேல் உள்ள வளைவின் உச்சி சுமார் 20 மீட்டரில். எதிரணியின் பேக்குகள் தங்கள் பாதியில் பந்தை வைத்து நிதானமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது நம் சென்டர் பேக்குகள் 35 - 40 மீட்டரில் நின்றால் அது நடுத்தர நிலை. வளைவை ஒட்டி 20 - 25 மீட்டரிலேயே நின்றால் அது தாழ்ந்த தடுப்பு. இதையும் ஒரே பார்வையில் முடிவு செய்யக் கூடாது. பந்து வைத்திருப்பவரை யாரும் நெருக்கவில்லை, எதிரணி ஃபார்வர்டு வேகமானவர் என்றால் வரிசை ஐந்து மீட்டர் இறங்கத்தான் வேண்டும். அதைச் சொல்லித்தராதவர் நல்ல கோச் அல்ல. பார்க்க வேண்டியது அடுத்த அசைவை. எதிரணி பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் திருப்பி அனுப்பும் நொடியில் நம் வரிசை ஏழெட்டு மீட்டர் மேலே ஏறுகிறதா? ஏறவில்லையென்றால் அது பயம், அல்லது பயிற்சிக் குறைவு. பெரும்பாலும் பயிற்சிக் குறைவு.

அடுத்தது, நம் முன்னணி ஆளுக்கும் கடைசி பேக்குக்கும் நடுவே உள்ள தூரம். 25-லிருந்து 35 மீட்டர் வரை இருந்தால் அணி சேர்ந்து நிற்கிறது. ஃபார்வர்டுகள் மேலே போய் பந்து வைத்திருப்பவரை நெருக்க (பிரஸ் செய்ய), பேக்குகள் பெட்டி வாசலிலேயே நின்றால் இந்த இடைவெளி 50 மீட்டராகிவிடும். "முன்னாடி போங்கடா" என்று கேலரி கத்தும்போது அடிக்கடி நடப்பது இதுதான். தாக்குதல் மாதிரித் தெரியும்; நடுவில் எதிரணிக்கு வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

நாம் தாக்கும்போது பந்துக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். கோல்கீப்பரைத் தவிர்த்து ஐந்து பேர் என்பது இன்று பல அணிகள் வைத்திருக்கும் கணக்கு: மூன்று பேர் கடைசியில், இருவர் அவர்களுக்கு முன்னால், அல்லது இதன் மறுதலை. ஏழு பேர் பின்னால் நின்றால் திட்டலாம். மூன்று பேர்தான் என்றால் கைதட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஒரு பாஸ் தவறினால் போதும். ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப்போடும் கிராஸ் வரும் நொடியில் பெட்டிக்குள் நம் ஆட்கள் மூன்று பேராவது, விளிம்பில் சிதறும் பந்துக்கு ஒருவர். அங்கே ஒரே ஒரு ஆள் நின்றால், அந்தக் கிராஸுக்காக ஓடிய விங்கரின் உழைப்பு வீண். பந்தைப் பறித்த அடுத்த ஐந்து நொடிகளையும் கவனியுங்கள்: முதல் பாஸ் முன்னால் போகிறதா, வழி திறந்திருந்தும் பின்னால் போகிறதா?

தாழ்ந்து ஆடும் அணிகள் தங்கள் துணிச்சலைச் சேர்த்துவைத்துக் காட்டும் இடம் கார்னரும் ஃப்ரீ கிக்கும். 2018 அரையிறுதியில் பெல்ஜியத்தை வீழ்த்தியது கார்னரில் பிரான்ஸின் உம்டிட்டி முட்டிய கோல். 2004 யூரோவில் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே முடித்தது. நம் பக்கத்திலேயே, 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்சி பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என வென்று ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கியபோது இரண்டு கோல்கள் கார்னரில் வந்தவை. இரண்டையும் முட்டியவர் சென்டர் பேக் மெய்ல்சன் ஆல்வெஸ். கார்னருக்கு சென்டர் பேக்குகளை மேலே அனுப்புவது சும்மா வரும் லாபமில்லை. எதிரணி ஒருவரை மேலே விட்டால் நாம் இருவரைப் பின்னால் வைக்க வேண்டும், இருவரை விட்டால் மூவரை. அந்த ஆட்களைப் பார்த்துத்தான் "எல்லாரையும் அனுப்பாம பயப்படறான்" என்கிறோம்.

ஆள் மாற்றத்தில்தான் உண்மை தெரியும்

ஐந்து மாற்று வீரர்கள், ஆட்டத்தின் நடுவே மூன்று முறைக்குள் இறக்க வேண்டும், இடைவேளையில் இறக்குவது கணக்கில் வராது. இதை ஒரு கோச் எப்படிச் செலவழிக்கிறார் என்பதுதான் அவரைப் பற்றிய சரியான சாட்சி. 1-0 என முன்னிலையில் இருக்கும்போது 65-ஆம் நிமிடத்தில் களைத்த விங்கரை எடுத்து புது விங்கரை விட்டால் எதிரணியின் பேக்குகள் தயங்கி நிற்பார்கள். கவுண்டர் (பந்தைப் பறித்ததும் வரும் திடீர்த் தாக்குதல்) வருமே என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். அதே விங்கருக்குப் பதில் ஒரு பேக்கை இறக்கினால், நாங்கள் இனி வெளியே வரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. அவர்களின் இரண்டு பேக்குகளும் மேலே வந்துவிடுவார்கள். அடுத்த இருபது நிமிடம் பந்து நம் பெட்டியைச் சுற்றியே வரும். 85-ஆம் நிமிட கோல்களில் பல 65-ஆம் நிமிடத்தில் விதைக்கப்பட்டவை.

2021 ஜூன் 28, யூரோவில் சுவிட்சர்லாந்துடன் பிரான்ஸ். 75-ஆம் நிமிடத்தில் பிரான்ஸ் 3-1 முன்னிலை. 81-இல் 3-2. 88-இல் தாக்கி ஆடும் கிரீஸ்மானை எடுத்துவிட்டு நடுக்களத்துக்கு சிசோகோவை இறக்கினார் டெஷாம்ப்ஸ். 90-இல் 3-3. கூடுதல் நேரம் முழுக்க கிரீஸ்மான் பெஞ்சில், பெனால்டியில் தோல்வி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அன்று அவர் வழக்கத்தை மீறி, மூன்று சென்டர் பேக்குகளோடு புது முறையில் தொடங்கியிருந்தார், இடைவேளையில் கைவிட்டார். மாற்றிப் பார்த்ததற்கும் திட்டு, பூட்டப் பார்த்ததற்கும் திட்டு.

மறுபக்கம் 2022 இறுதி ஆட்டம். அர்ஜென்டினா 2-0. இடைவேளைக்குக்கூடக் காத்திருக்காமல் 41-ஆம் நிமிடத்திலேயே ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே அழைத்தார். உலகக் கோப்பை இறுதியில் அப்படிச் செய்ய எந்தக் கோச்சுக்கும் கை நடுங்கும். உள்ளே வந்த கோலோ முவானி வாங்கித் தந்த பெனால்டி 80-ஆம் நிமிடத்தில் கோலானது; 71-இல் இறங்கிய கோமான் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்ததில் அடுத்த நிமிடமே இரண்டாவது கோல் வந்தது. பெனால்டியில் தோற்றதால் அந்த முடிவை இன்று யாரும் பேசுவதில்லை.

பின்தங்கியிருக்கும்போது நான்காவது ஃபார்வர்டை இறக்குவது எப்போதும் துணிச்சல் ஆகாது. நடுக்களத்தில் ஆள் குறைந்தால் முன்னால் நிற்கும் நால்வருக்கும் பந்தே போகாது. பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை இறக்குவது பல நேரங்களில் கூடுதல் பலன் தரும்.

முடிவைப் பார்த்து முறையைத் திட்டும் பழக்கத்துக்கு 2024 ஜனவரி ஆசியக் கோப்பை நல்ல பாடம். ஆஸ்திரேலியாவோடு இந்தியா தாழ்ந்து நின்று இடைவேளை வரை 0-0 என்று பிடித்தது, பிறகு 0-2. தடுத்துக்கொண்டே இருந்தால் எப்படி என்றோம். அடுத்து உஸ்பெகிஸ்தானோடு கொஞ்சம் திறந்து ஆடினார்கள். முதல் பாதியிலேயே 0-3. இப்படித் திறந்துவிடலாமா என்றோம். சிரியாவிடமும் 0-1. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லாததற்கு அப்போதைய இந்திய அணிக் கோச் ஸ்டிமாச் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் ஒரே வாரத்துக்குள் இரண்டு எதிரெதிர் குற்றச்சாட்டும் சரியாக இருக்க முடியாது. சென்னையின் எஃப்சிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரெகரிக்கும் இதே கதைதான்: ஒரு சீசனில் கெட்டிக்காரர், அடுத்த சீசனில் அணி கடைசி இடத்துக்குப் போனதும் பழைய காலத்து ஆள்.

ஷாட் எண்ணிக்கையும் ஏமாற்றும். 25 மீட்டரிலிருந்து அடிக்கும் ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு சுமார் நூற்றுக்கு மூன்று. அப்படிப் பத்து அடித்தாலும் கூட்டினால் 0.3 கோல்தான். ஒரு பெனால்டியின் மதிப்பு 0.76-க்குப் பக்கம்.

நம்மூர்த் தரையும் வெயிலும்

ஐரோப்பிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து "ஹை பிரஸ் பண்ணச் சொல்லுங்க சார்" என்கிறார்கள். மே மாதம் மாலை நான்கு மணிக்குக் கடலூரில் காற்றின் ஈரத்தோடு சேர்ந்த வெப்பம் என்ன செய்யும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். காற்றின் ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து ஈரக் குமிழ் முறையில் அளக்கும் வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் இடைவேளை விட வேண்டும் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டல். பெரியவர்களுக்கே இப்படி. அந்த வெயிலில் 14 வயதுப் பையன்களைத் தொண்ணூறு நிமிடமும் துரத்தச் சொல்லும் கோச்தான் ஆபத்தானவர். நல்ல கோச் பிரஸ்ஸைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து வைப்பார், மற்ற நேரம் நடுக்கோட்டுக்குக் கீழே சேர்ந்து நிற்கச் சொல்வார், 15 - 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீராவது குடிக்க வைப்பார். வெளியிலிருந்து பார்த்தால் அது மந்தமாகத்தான் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு கணக்கு. பெட்டிக்கு முன்னால் தண்ணீர் தேங்கிய தரையில் கோல்கீப்பர் பக்கத்து பேக்குக்குத் தட்டினால் பந்து பாதி வழியில் நின்றுவிடும். மீனவக் குப்பங்களின் மணல் தரையிலும் இதே தொல்லை. அங்கே நீளமாக அடிக்கச் சொல்வது கோழைத்தனமில்லை. காய்ந்த, சமமான தரையிலும் ஒவ்வொரு பந்தையும் நீளமாகவே அடிக்கச் சொன்னால் கேளுங்கள்.

செவன்ஸ் ஆட்டத்தில் இந்தச் சண்டை இன்னும் சூடாகும். கீப்பர் போக ஆறு பேர். 3-2-1 போட்டால் தடுப்புக் கோச், 2-3-1 போட்டால் தைரியசாலி. ஆனால் 2-3-1-இல் ஓரத்து இருவரும் திரும்பி ஓடும் பழக்கம் இல்லாதவர்கள் என்றால், ஒவ்வொரு கவுண்டரிலும் நம் இருவருக்கு எதிரே அவர்கள் மூவர். ஓரத்து ஆட்களின் கால் பலத்தைப் பார்த்துத்தான் இந்த எண்ணை எழுத வேண்டும்.

சிறுவர் அணிகளில் உண்மையான பயந்த கோச்சிங் எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. அது ஃபார்மேஷனில் இருக்காது. வளர்த்தியான பையனை வருடக்கணக்காக சென்டர் பேக்கிலேயே வைத்திருப்பது. 3-0 முன்னிலையிலும் பெஞ்சில் இருப்பவனை இறக்காதது. பந்தைத் தட்டிக்கொண்டே ஆளைத் தாண்டப் பார்த்து (ட்ரிபிள்) பந்தை விட்டவனை அடுத்த நிமிடமே வெளியே அழைப்பது. கீப்பர் ஒருமுறை தவறாகத் தட்டி கோல் விழுந்தால் அன்றோடு காலால் ஆடுவதையே தடை செய்வது. இந்தக் கோச்சுகள் கோப்பை வாங்குவார்கள். பையன்கள் 17 வயதில் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் நெருக்கடியில் பந்தை வாங்கித் திரும்பும் பழக்கமே வந்திருக்காது. அதை 13 வயதில் தப்புத் தப்பாகச் செய்துதான் கற்க முடியும்.

ஓரக்கோட்டிலிருந்து கத்துவது உதவாது. அப்பா "அடிடா" என்கிறார், கோச் "திரும்புடா" என்கிறார், பையன் இரண்டும் செய்யாமல் பந்தை இழக்கிறான். மறுநாள் பயிற்சி முடிந்ததும் கோச்சைத் தனியே பார்த்துக் கேளுங்கள்: சார், பந்து நம்மிடம் வந்ததும் பையன்களுக்கு முதலில் எதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள்? என் பையனுக்கு இந்த சீசனில் வேறு எந்த இடத்தில் ஆட வாய்ப்பு உண்டு? பின்தங்கினால் என்ன மாற்றுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறீர்களா? பதில் இருப்பவர் சொல்லிவிடுவார். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றால் அந்தப் பயிற்சியை ஒரு மாலை முழுதும் நின்று பாருங்கள். இருபது பையன்களுக்கு இரண்டே பந்து, வரிசையில் நின்று முறை வருவதற்குள் அரை மணி நேரம் என்றால், தடுப்பா தாக்குதலா என்ற விவாதமே தேவையில்லை. வேறு இடம் பாருங்கள்.