பாறையில் இருக்கும் பல்லி வேறு

நீண்ட விடுமுறை முடிந்து ஆட்கள் அறுகம்பையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் கொழும்புக்குத் திரும்பியதும் என் போனுக்குப் பல்லிப் படங்கள் வரத் தொடங்கும். "குகைக்குள்ளே நிண்டது அண்ணே, நம்ம வீட்டுப் பல்லிதானே இது?" ஊர்வன பற்றிய கள ஆய்வு என் தொழில் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுப் பல்லிதான். எப்போதாவது ஒரு படத்தில் மட்டும் தொண்டை பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். அப்போது நான் உடனே திருப்பிக் கேட்பது: பக்கத்துப் பாறையில் வெள்ளை வட்டங்கள் ஏதும் இருந்தனவா? அவற்றை யாரும் தொட்டீர்களா?

அந்த மஞ்சள் தொண்டைக்காரன் இலங்கைப் பொற்பல்லி. அறிவியல் பெயர் கலோடாக்டைலோடஸ் இல்லிங்வர்தோரம். 1953 இல் பெயரிட்டவர் பி. இ. பி. தெரணியகல, அப்போது அவர் கொழும்புத் தேசிய நூதனசாலையின் பணிப்பாளர். கலோடாக்டைலோடஸ் என்கிற இந்தப் பேரினத்தில் இரண்டே இனங்கள்தான் உண்டு. மற்றது இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வாழ்கிறது. பிரித்தானிய இயற்கையியலாளர் பெடோம் அதை 1870 இல் விவரித்தார். நம்முடையது இந்தத் தீவுக்கு மட்டுமே உரியது. தீவு முழுக்கவும் இல்லை. மொனராகலை, அம்பாறைப் பக்கத்துக் கற்பாறைகளிலும் குகைகளிலும்தான் இருக்கிறது.

அதே 1953 இல் தெரணியகல இன்னொரு பல்லிக்கும் பெயர் வைத்தார். ஹெமிடாக்டைலஸ் பார்விமாகுலாட்டஸ் என்கிற புள்ளிப் பல்லி அது. கொழும்பு மதில்களில் இரவில் ஓடித் திரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெடுங்காலம் அது வேறொரு இனத்தின் உபஇனமாகவே பட்டியல்களில் கிடந்தது. மரபணுவை ஒப்பிட்ட ஆய்வுக்குப் பிறகு 2010 இல்தான் தனி இனமாக ஏற்றுக்கொண்டார்கள். வீட்டு மதிலில் ஓடுவதை வகைப்படுத்தவே இவ்வளவு காலம் பிடித்தது என்றால், காட்டுப் பாறையில் ஒளிந்திருப்பதைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? இது வெறும் ஏட்டு விவகாரம் இல்லை. கருங்கல் உடைக்க அனுமதி கேட்கும் இடத்தின் ஆய்வு அறிக்கையில் 'பல்லி' என்று ஒற்றைச் சொல்லோடு விட்டுவிட்டால், அங்கே காப்பாற்ற எதுவும் இல்லை என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

சரி, எப்படி அடையாளம் காண்பது? நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மஞ்சள் தொண்டை வளர்ந்த ஆணுக்குத்தான். முதுகோ பாறையின் பழுப்போடும் சாம்பலோடும் கலந்துவிடும். உடல் வீட்டுப் பல்லியைவிடப் பருமன். தலை அகன்று தட்டையாக இருக்கும். கண்மணி வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். இமை கிடையாது, தூசு பட்டால் நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய இடம் விரல். வீட்டுப் பல்லியின் விரலடியில் தகடுகள் இரண்டு வரிசையாக நீள ஓடும். நகம் அந்த மெத்தைக்கு மேலே எழும்பி நிற்கும். பொற்பல்லியின் விரல் மெலிந்து போய், நுனியில் சட்டென்று விரியும். அந்த விரிவின் அடியில் இரண்டு அகன்ற தட்டுகள், நடுவே ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் ஒடுங்கும் நகம். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தட்டில் பசை எதுவும் இல்லை. கண்ணுக்கே தெரியாத நுண்மயிர்கள் பாறையை அவ்வளவு நெருங்கிப் படிகின்றன. மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பே உடலைத் தாங்கிவிடுகிறது. பல்லிகளின் பிடி இப்படித்தான் வேலை செய்கிறது என்பது 2002 இல் சோதனையில் உறுதியானது.

இனி அந்த வெள்ளை வட்டங்கள். மழை படாத, வெயில் நேரே விழாத பாறைச் சுவராகப் பார்த்துப் பெண் பல்லி முட்டையை ஒட்டும். இடும்போது முட்டை இளகி இருக்கும்; பாறையில் படிந்து ஒரு பக்கம் தட்டையாகி, காற்றுப் பட்டதும் ஓடு இறுகிவிடும். அதன் பிறகு உடையாமல் பெயர்க்கவே முடியாது. பல பெண்கள் ஒரே சுவரில்தான் இடுகின்றன. குஞ்சு வெளியேறியதும் ஓட்டின் அடி விளிம்பு வளையமாகப் பாறையிலேயே தங்கிவிடும். அடுத்து வருபவை அதன் பக்கத்திலேயே, சில சமயம் அதன் மேலேயே இடும். ஆக, பழைய வளையங்களும் உயிருள்ள முட்டைகளும் ஒரே சுவரில் கலந்திருக்கும்.

குகையைத் துப்புரவாக்குகிறோம் என்று இதைச் சுரண்டுகிறவர்களும் பாறையில் பெயர் எழுதுகிறவர்களும் சுவரோரம் அடுப்பு மூட்டுகிறவர்களும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. சுண்ணாம்புக் கறை என்றோ குளவிக்கூடு என்றோ நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் அழிப்பது ஒரு முட்டையை அல்ல, அந்தப் பாறையில் வாழும் பல்லிக் கூட்டத்தின் ஒரு பருவத்துக் குஞ்சுகள் அனைத்தையும். புகை பிடித்த சுவரில் மறுபடி முட்டை இடுமா என்பதும் சந்தேகமே.

போகிறவர்கள் படம் எடுங்கள், தாராளமாக. ஃபிளாஷ் வேண்டாம். தொண்டை தெரிய ஒன்று, முடிந்தால் விரல் நுனி தெரிய ஒன்று. அடையாளம் காண அது போதும். அதற்காகப் பல்லியைக் கையில் பிடிக்க வேண்டாம். அனுமதியின்றிக் காட்டுப் பல்லியைப் பிடிப்பதும் கொண்டுவருவதும் சட்டப்படி குற்றம். முகநூலில் போடும்போது மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; குகையின் பெயரையும் வரைபடக் குறியையும் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் விற்பதற்குப் பல்லி தேடுகிறவர்களும் அதையே பார்க்கிறார்கள். யாராவது போத்தலில் அடைத்து எடுத்துப் போவதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.