ஸ்டிக்மா: களங்கமா, வடுவா?

மனநல உதவி நாடுவதைப் பற்றிப் பேசினால் தவறாமல் வந்து நிற்கும் சொல் ஸ்டிக்மா (stigma), அதாவது ஒருவரைத் தாழ்வாகப் பார்க்க வைக்கும் பழி. தமிழில் இதைப் பெரும்பாலும் ‘களங்கம்’ அல்லது ‘சமூகக் களங்கம்’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் நெடுநாளாக ஓர் உறுத்தல் உண்டு.

ஸ்டிக்மா கிரேக்கச் சொல். ‘குத்து’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. கூர்முனையால் தோலில் குத்தி உண்டாக்கிய அடையாளம்தான் ஸ்டிக்மா. தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளின் நெற்றியில் பண்டைக் கிரேக்கர்கள் இப்படிக் குத்தினார்கள். பார்த்த மாத்திரத்தில் ‘இவன் இன்னான்’ என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அதற்காக. சமூகவியலில் இச்சொல்லை நிலைநிறுத்தியவர் எர்விங் காஃப்மன். 1963இல் இதையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களின் நிலையும் அதில் பேசப்படுகிறது.

ஆக, ஸ்டிக்மா தானாக முளைப்பதன்று. ஒருவர் குத்துகிறார், இன்னொருவர் சுமக்கிறார்.

களங்கம் அப்படியா? வடமொழி வழி வந்த அந்தச் சொல்லை நிலாவில் தெரியும் கறைக்குச் சொல்கிறோம். அந்தக் கறை நிலாவுக்கே உரியது, யாரும் கொண்டுபோய் வைத்ததில்லை. ‘மனநோயாளிகளின் களங்கத்தைத் துடைப்போம்’ என்று எழுதிப் பாருங்கள். கறை அவர்கள்மேல் இருப்பது போலவும், நாம் பெரிய மனதோடு துடைத்துவிடுவது போலவும் ஆகிவிடுகிறது. கறை பூசிய கை வாக்கியத்திலேயே இல்லை! ஆலோசகரைப் பார்க்கலாமா என்று மாதக்கணக்கில் தயங்கி நிற்பவர் இதைப் படித்தால், ‘அப்போ என்மேல் கறை இருக்கிறது’ என்றுதானே எடுத்துக்கொள்வார்?

நம்மிடமே பொருத்தமான சொல் இருக்கிறது: வடு. அதற்குத் தழும்பு என்றும் பொருள், பழி என்றும் பொருள். ‘நாவினாற் சுட்ட வடு’ என்கிறது 129ஆம் குறள். சுட்டது ஒருவருடைய நாக்கு என்பது அந்தத் தொடரிலேயே இருக்கிறது. கிரேக்கர் ஊசியால் செய்ததை நாக்கும் செய்கிறது. வெறும் ‘வடு’ என்றால் காயத்தழும்பு என்று குழம்ப இடமுண்டு என்பதால், ‘பழிவடு’ என்று எழுதலாம் என்பது என் கருத்து.

வினையாகச் சொல்வதற்கு யோசிக்கவே வேண்டாம். ‘முத்திரை குத்துதல்’ என்று எல்லாரும் பேசுகிறோம், கிரேக்க வேரில் உள்ள அதே குத்து. ‘பைத்தியம்’ என்பதும் அப்படிக் குத்திய முத்திரைதான். பித்தம் என்ற சொல்லோடு உறவுடையது அது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் ஒன்றான பித்தம் மிகுந்ததால் வரும் நோய் என்று காரணம் சொன்ன பெயர். அதைத்தான் வசையாக்கி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, செல்ஃப் ஸ்டிக்மா. பிறர் சொல்லும் பழியைத் தாமே நம்பத் தொடங்குவது. இதற்கு ‘அகவடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நேரில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ‘உதவி கேட்டால் நான் பலவீனமான ஆள்’ என்று நினைத்து, மருத்துவரைப் பார்க்க வாங்கிய நேரத்தை முதல் நாள் இரவே ரத்து செய்துவிடுகிறாரே, அவரைத் தடுத்து நிறுத்தியது அகவடு.