ஹேக் நகருக்கு மனு எழுதும் முன்

விடுமுறைக்கு ராமேஸ்வரம் தீவில் உள்ள எங்கள் ஊர் தங்கச்சிமடம் வந்தால் போதும், யாராவது ஒருவர் பிளாஸ்டிக் கவரோடு வாசலில் வந்து நிற்பார். உள்ளே ஒரு மனு, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீன்பிடிப் படகின் போட்டோ, பேப்பரில் வந்த செய்தியின் ஜெராக்ஸ். "தாயி, இத உங்க ஜட்ஜையா கையில மட்டும் சேத்துரு, மத்தத அவரு பாத்துக்குவாரு" என்பார். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் ஒரு நீதிபதிக்குச் செயலராக வேலை பார்க்கிறேன். ஊர்ப் பேச்சில் சொன்னால் ஜட்ஜுக்கு பி.ஏ.

கவரை நான் வாங்குவதில்லை. வாங்கிக்கொண்டால் அவர் அதையே நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பார். அதற்குள் இலங்கையில் ஊர்க்காவல்துறை நீதிமன்றத்திலோ மன்னாரிலோ படகு வழக்கின் வாய்தா போய்விடும். அதை வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் விளக்க முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த நீதிபதி, எந்த வழக்கு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நீதிமன்றமே வெளியில் சொல்லியிருக்கிற விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் என் வேலை. அமைதி அரண்மனை என்று பெயர் பெற்ற கட்டடத்தில் 15 நீதிபதிகள். ஐ.நா. பொதுச்சபையும் பாதுகாப்புச் சபையும் சேர்ந்து அவர்களை ஒன்பது ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கின்றன. ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு சட்ட உதவியாளர், ஒரு செயலர். வாதம் முடிந்ததும் பெரும்பாலான வழக்குகளில் ஒவ்வொரு நீதிபதியும் தன் கருத்தைக் குறிப்பாக எழுதி மற்ற நீதிபதிகளுக்குச் சுற்றுக்கு விடுவார். அந்தக் குறிப்பு, அதன் திருத்தங்கள், பிறகு தீர்ப்பு வரைவுக்கு அவர் சொல்லும் மாற்றங்கள், தனிக் கருத்தோ மாறுபட்ட தீர்ப்போ எழுதினால் அது, இதற்கிடையில் அவருடைய கடிதங்கள், பயணம், சந்திப்பு எல்லாம் செயலரின் மேசையைத் தாண்டித்தான் போகும். வரைவை இரண்டு சுற்று உட்கார்ந்து படிப்பார்கள். ஆங்கிலம் ஒரு பக்கம், பிரெஞ்சு எதிர்ப்பக்கம். ஒரு மொழியில் ஒரு காற்புள்ளி நகர்ந்தால் அடுத்ததிலும் பார்க்க வேண்டும். கடைசி ஓட்டெடுப்பில் பணியில் இளையவர்தான் முதலில் ஓட்டுப் போடுவார். மூத்தவர் சொன்னதைப் பார்த்து இளையவர் தலையாட்டிவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு என்று நினைக்கிறேன். நம்மூர்ப் பஞ்சாயத்துக்கும் கடன் வாங்கலாம்.

இந்த ஆலோசனை அத்தனையும் ரகசியம். நீதிமன்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. இரவு வீட்டுக்காரர் "இன்னைக்கு என்ன வேலை?" என்று கேட்டால் "டைப்பிங்" என்பேன். அது பொய்யும் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் செய்த கைதான் இன்றுவரை சோறு போடுகிறது.

ஆனால் என் நேரத்தை அதிகம் தின்பது தட்டச்சு அல்ல, சரிபார்ப்பு. மனுதாரர் நாடு தன் எழுத்து வாதத்தில் ஒரு வரி எழுதி, அதற்கு அடிக்குறிப்பாக 'மூன்றாம் தொகுதி, இணைப்பு 47, பக்கம் 12' என்று போட்டிருக்கும் என்று வையுங்கள். நீதிபதி அந்த வரியைத் தன் குறிப்பில் எடுத்தாண்டால், நான் அந்தத் தொகுதியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சில நேரம் அந்தப் பக்கம் கோணலாக ஸ்கேன் ஆகியிருக்கும். முத்திரையின் மை சரியாகத் தேதியின் மேலேயே அப்பியிருக்கும். 03/04 என்று எழுதியிருந்தால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? இரண்டும் சரியென்று அடித்துப் பேச உலகத்தில் நாடுகள் இருக்கின்றன. ஒரே ஆளின் பெயர் ஓர் இணைப்பில் ஒரு மாதிரி, அடுத்ததில் இன்னொரு மாதிரி இருந்தால் அது ஒரே ஆள்தானா என்று யாராவது பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார்கள். பெரிய பெரிய வக்கீல்கள் கறுப்பு அங்கியில் நின்று பேசுவதெல்லாம் கடைசியில் இப்படிப்பட்ட தாள்களின் மேல்தான் நிற்கிறது. அந்தத் தாள் பிறப்பது ஹேக்கில் இல்லை. ஏதோ ஒரு கரையில், ஏதோ ஒரு காவல் நிலையத்தில், ஏதோ ஒரு மீன்துறை அலுவலகத்தில் பிறக்கிறது.

இடையில் ஒன்று. "எம் மகளும் லா படிக்கிறா, அங்க ஒரு வேலை..." என்று கேட்பவர்களும் உண்டு. செயலர் போன்ற பொதுப்பணி இடங்களுக்கு அங்கேயே குடியிருப்பவர்களைத்தான் எடுப்பது ஐ.நா. வழக்கம். வீட்டுக்காரர் வேலைக்காக நாங்கள் முன்பே நெதர்லாந்தில் இருந்ததால்தான் நான் விண்ணப்பிக்க முடிந்தது. சட்டம் படித்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இளம் பட்டதாரிகளை நீதிபதிகளோடு சில மாதம் பணியாற்ற வைக்கும் திட்டம் அது. முன்பெல்லாம் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும் என்பதால் பணக்காரக் கல்லூரிகளின் பிள்ளைகள்தான் வருவார்கள். 2021 முதல் வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைப்பவர்களுக்கென்று ஒரு நிதி இருக்கிறது. தனியாக விண்ணப்பித்தால் எடுபடாது, கல்லூரிதான் பரிந்துரைக்க வேண்டும். பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் மிக நல்லது. அப்புறம், 'ஹேக் கோர்ட்டில் வேலை, புராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி எதற்கும் ஐ.நா. அமைப்புகள் ஒரு பைசா வாங்குவதில்லை. கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடா விசாவுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டியே பழகிவிட்டோம். அதனால் கட்டணம் கேட்டால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

சரி, மனுவுக்கு வருவோம்.

தனி மனிதர்களிடமிருந்து பன்னாட்டு நீதிமன்றத்துக்கு அநேகமாகத் தினமும் கடிதம் வருகிறது. பதிவாளர் அலுவலகம் அவற்றுக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: இங்கே வழக்காட நாடுகளால் மட்டுமே முடியும். 34-ஆம் பிரிவு. மீனவர் சங்கமோ, கட்சியோ, ஏன் மாநில அரசோகூட முடியாது. அதே ஊரில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் என்று இன்னொன்று இருக்கிறது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் இந்தியாவும் உறுப்பு நாடு இல்லை, இலங்கையும் இல்லை.

"அப்ப டெல்லிக்காரவுக போகட்டும்" என்பார்கள். அங்கே ஒரு பூட்டு இருக்கிறது, அதைப் போட்டதே இந்தியாதான். இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று 1974-ல் இந்தியா கொடுத்த அறிக்கையில், காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறுகளை வெளியே நிறுத்திவைத்தது. 2019-ல் அறிக்கையைப் புதுப்பித்தபோதும் அந்த விலக்கை எடுக்கவில்லை. இலங்கை காமன்வெல்த் நாடு. 1999-ல் தன் விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியது என்று பாகிஸ்தான் வழக்குப் போட்டபோது, இதே விலக்கைக் காட்டித்தான் இந்தியா வாதாடியது. 2000 ஜூனில் நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அன்று இந்தியாவைக் காப்பாற்றிய அதே கதவுதான் இன்று நம் பக்கமிருந்து திறக்க மறுக்கிறது. கச்சத்தீவு பற்றி மேடையில் 'பன்னாட்டு நீதிமன்றம் போவோம்' என்று யாராவது முழங்கினால், இந்த விலக்கை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் வழி இருப்பது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்தில். ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்டு ஏற்றிருக்கின்றன. அதன் 73-ஆம் பிரிவுப்படி, பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் (ஒரு நாட்டின் சொந்த நீர்ப்பரப்புக்கு வெளியே, மீன்பிடிப்பில் அந்த நாட்டுக்கு உரிமை உள்ள கடல்) மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்காகப் பிடித்த படகையும் ஆட்களையும் நியாயமான பிணை கட்டினால் உடனே விட வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சிறைத்தண்டனையும் கூடாது. விடவில்லை என்றால், எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று 10 நாளுக்குள் இரு நாடும் ஒத்துப்போகாவிட்டால், படகு எந்த நாட்டுக் கொடியில் இருக்கிறதோ அந்த நாடு ஹாம்பர்க் போகலாம். அந்த நாட்டின் அதிகாரக் கடிதம் பெற்றவரும் அதன் சார்பில் தாக்கல் செய்யலாம். விசாரணை 15 நாளுக்குள், அது முடிந்து 14 நாளுக்குள் தீர்ப்பு. இத்தனை வேகம் பன்னாட்டுச் சட்டத்தில் அபூர்வம்.

நம் கடலில் அது அப்படியே பொருந்துமா? இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 கடல் எல்லை ஒப்பந்தத்தின் தலைப்பே பாக் நீரிணைப் பகுதியை 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்கிறது. இலங்கை, 'நாங்கள் பிடித்தது பொருளாதார மண்டலத்தில் இல்லை, எங்கள் சொந்த நீர்ப்பரப்புக்குள்' என்றுதான் முதல் வரியிலேயே ஆரம்பிக்கும். கடினமான வாதம். அதனால் இந்த வழியையும் நான் யாருக்கும் உறுதியாகச் சொல்வதில்லை.

ஆனால் ஹாம்பர்க் தீர்ப்புகளில் ஒரு ஜோடியைப் படகு வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2007-ல் ரஷ்யா பிடித்த இரண்டு கப்பல்களுக்காக ஜப்பான் வழக்குப் போட்டது. இரண்டுக்கும் ஒரே நாளில், ஆகஸ்ட் 6-ல் தீர்ப்பு. 'ஹோஷின்மாரு' கப்பலை ஒரு கோடி ரூபிள் பிணையில் விடச் சொன்னார்கள். 'தொமிமாரு' கப்பலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம், தீர்ப்புக்குச் சில நாள் முன்பு ரஷ்ய உச்ச நீதிமன்றம் அந்தக் கப்பலைப் பறிமுதல் செய்ததை உறுதி செய்திருந்தது. பறிமுதல் முடிந்துபோன கப்பலை விடுவிக்கக் கேட்பதில் பொருளில்லை என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் மக்கிக் கிடக்கிற நம் விசைப்படகுகளின் கதையும் இதுவேதான். அங்குள்ள நீதிமன்றத்தில் பறிமுதல் ஆணை இறுதியாகிவிட்டால், அதற்குமேல் எந்த ஊர் நீதிபதியிடம் கவர் போனாலும் பயனில்லை.

தாள்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. 2012 பிப்ரவரி 15-ல் கேரளக் கடலில் 'செயின்ட் ஆன்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்களை இத்தாலியக் கப்பலின் வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்தத் தகராறு ஹாம்பர்க் போய், பிறகு ஹேக்கில் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020-ல் வந்த முடிவில், அந்த வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்றார்கள். நம் ஆட்களுக்கு அது கசந்தது. ஆனால் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, உயிரிழப்புக்கும் பொருள் இழப்புக்கும் படகில் இருந்தவர்கள் பட்ட மனவேதனைக்கும் இழப்பீடு உண்டு என்றும் சொன்னார்கள். இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதைப் பங்கிட்டு இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்றது. அரசாங்கம் அரசாங்கத்தோடு மோதிய வழக்குதான். ஆனால் யார் படகில் இருந்தார்கள், படகு யாருடையது, எங்கே நின்றது, என்ன சேதம் என்பதற்கெல்லாம் கரையில் உருவான தாள்தான் சாட்சி.

எனவே கவரில் மனுவுக்குப் பதில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். படகின் பதிவுச் சான்றும் உரிமமும். அன்று கடலுக்குப் போக மீன்துறை கொடுத்த டோக்கன். ஆட்களின் அடையாள அட்டைகள், எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில். ஆதாரில் ஒரு மாதிரி, மீனவர் அட்டையில் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஜி.பி.எஸ். கருவியில் பதிவான வழித்தடத்தை அழிக்காமல் வேறு இடத்திலும் சேமியுங்கள். அடிபட்டுத் திரும்பினால் அன்றே அரசு மருத்துவமனைச் சீட்டு. திரும்பி வந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, அவரவர் வார்த்தையில், அந்த வாரத்துக்குள் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எட்டுப் பேர் வாக்குமூலமும் ஒரே ஜெராக்ஸ் மாதிரி இருந்தால் படிக்கிறவர் ஒன்றையும் நம்ப மாட்டார். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

ஒரு கசப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பும் இணைப்பு போடும். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியை இலங்கை 2017-ல் தடை செய்துவிட்டது. நெடுந்தீவுப் பக்கத்துத் தமிழ் மீனவரின் கிழிந்த வலையின் போட்டோ அவர்கள் தொகுதியில் இருக்கும். நம் ஜி.பி.எஸ். வழித்தடம் கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டினால் அதுவும் சாட்சிதான். தாளை நமக்கு வேண்டியபடி மட்டும் பேச வைக்க முடியாது.

ஆள் பிடிபட்ட உடனே செய்ய வேண்டியது, யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் பெயர்ப் பட்டியல் போய்ச் சேர்ந்ததா என்று மீன்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்வது. தூதரக அதிகாரியைப் பார்க்கப் பிடிபட்டவருக்கு உரிமை உண்டு. 2019-ல், பாகிஸ்தான் பிடித்துவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில், பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா வென்றது இதே உரிமையை வைத்துத்தான். 2014-ல் கொழும்பில் மரண தண்டனை விதிக்கப்பட்ட நம் தங்கச்சிமடத்து ஐந்து பேர் அடுத்த மாதமே வீடு வந்ததும் எந்தப் பன்னாட்டு நீதிமன்றத்தாலும் அல்ல. இரண்டு அரசாங்கங்கள் பேசின, இலங்கை அதிபர் மன்னிப்பு வழங்கினார்.

படகு வழக்கு ஆட்களின் வழக்கோடு முடிவதில்லை. அது தனியாக நடக்கும், உரிமையாளரை நேரில் வரச் சொல்வார்கள். பெயரைக் கூப்பிடும் நாளில் அவரோ அவருக்காக வக்கீலோ இல்லாவிட்டால் படகு அரசுடைமையாகிவிடலாம். உரிமையாளர் பெயரில் பதிவுச் சான்று இருக்கிறதா, அல்லது விற்றவர் பெயரிலேயே கிடக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அப்படியே பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதா என்றும்.