தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிள்ளை: டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் கேஸ் ஆகுமா?

ராத்திரி பதினொரு மணி, கேஷுவாலிட்டி. "எப்படிம்மா ஆச்சு?" என்று நர்ஸ் கேட்டார். பதினாறு வயதுப் பெண் வாய் திறக்கவில்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சிஸ்டர்" என்று அப்பா முந்திக்கொண்டார். அம்மா தன் முந்தானையால் மகளின் கையை மூடினார். துணைக்குப் போன நானும் பேசாமல் நின்றேன். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நாங்கள் இடம் கொடுக்கவில்லை.

அப்பாவின் பயம் போலீஸ் கேஸ். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை பயப்படத்தான் செய்யும்.

ஆனால் நிலைமை மாறி வருடங்கள் ஆகிவிட்டன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 115-வது பிரிவில் இப்படிச் சொல்கிறது: வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 இல்லவே இல்லை. அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ வற்புறுத்தவோ தற்கொலை முயற்சி செய்வது மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக இருக்கிறது. வீட்டில் மனம் உடைந்த பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீஸுக்கும் தெரிவிக்கப்படும் மருத்துவப் பதிவு) என்று எழுதுகிறார்களே? எழுதுவார்கள். போலீஸ் வந்து கேட்கவும் செய்யலாம், பிள்ளையை யாராவது துன்புறுத்தினார்களா என்று. அந்தப் பதிவு தண்டனை ஆகாது.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் அதே 115-வது பிரிவின் இரண்டாம் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. அப்படி முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுத்து, மறுபடி நடக்காமல் பார்ப்பது அரசின் கடமை என்கிறது அது. ஆகவே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் உரிமையோடு கேட்கலாம்.

அப்புறம், குடும்பம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் தற்கொலைக் காரணங்களில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை, 31.7 சதவீதம். ஒற்றைக் காரணம் என்று எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் தினமும் குடித்துவிட்டு வரும் அப்பா, அடி, மார்க்குக்காகத் திட்டு, பெற்றோர் பேச்சுவார்த்தை இல்லாத வீடு ஆகியவை பிள்ளையின் மனதை எப்படி அரிக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

அதே மனநலச் சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு மனநலச் சிகிச்சை விஷயத்தில் பாதுகாவலரே பிரதிநிதி. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அவரோ அவர் அனுப்பும் ஆளோ கூடவே தங்க வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாவலர் பிள்ளையின் நலனுக்கு எதிராக நடக்கிறார் என்றால், சித்தியோ பாட்டியோ டாக்டரோ இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்திடம் ஆதாரத்தோடு மனு கொடுக்கலாம். தகுந்த வேறொருவரைப் பிரதிநிதியாக நியமிக்க 15-வது பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது.

இன்றைக்கே பேச வேண்டுமென்றால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும். தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104-ம் உண்டு. வீட்டிலேயே ஆபத்து என்றால் பிள்ளை தானே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 108. கேஷுவாலிட்டியில் நர்ஸ் கேட்கும்போது, "இவளே பண்ணிக்கிட்டா சிஸ்டர், மனசு சரியில்ல" என்று சொல்லிவிடுங்கள்.