உழைப்பாளர் சிலையைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

உலோகச் சிலைகளைப் பராமரிப்பது என் தொழில் என்று தெரிந்ததும் மெரினாவில் நடைப்பயிற்சி போகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "உழைப்பாளர் சிலை ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது? நன்றாகத் தேய்த்து ஒரு கோட் பெயின்ட் அடித்தால் புதிதாகிவிடாதா?" பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் சிலை கெட்டுப்போகும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் வங்காளத்தில் பிறந்தவர் என்றாலும் அவரை நம் ஊர்க் கலைஞர் என்றே சொல்ல வேண்டும். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளிக்கு, அதாவது இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிக்கு, தலைமை வகித்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். கே.சி.எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் அவரிடம் பயின்றவர்கள். உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25 அன்று நிறுவப்பட்டது. அதே கடற்கரையில் உள்ள காந்தி சிலையும் அவர் கைவேலைதான். 1975இல் அவர் காலமானார். எந்த நிறத்தை மனதில் வைத்திருந்தீர்கள் என்று இனி அவரைக் கேட்க முடியாது. பதில் எஞ்சியிருப்பது சிலையின் மேற்பரப்பில் மட்டும்தான்.

அருகில் போய்ப் பாருங்கள். பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் முதுகும் தொடையும் வழவழவென்று இருக்காது. களிமண்ணில் அவர் அழுத்தியதும் வழித்ததும் அச்சு வழியாக வெண்கலத்தில் பதிந்திருக்கின்றன. உழைப்பின் பாரம் அந்த மேடுபள்ளங்களில்தான் இருக்கிறது. கம்பிப் பிரஷ்ஷும் மணல் வீச்சும் முதலில் அழிப்பது அதைத்தான். எனாமல் பெயின்ட் அடித்தால் பள்ளங்கள் நிரம்பி, உடல் பொம்மைபோல மழுங்கிவிடும்.

நம் ஊரில் தலைவர்களின் பிறந்தநாளுக்கு முன்தினம் சிலைக்குத் தங்க வண்ணம் பூசுவது வழக்கம். சிமென்ட் சிலையோடு வெண்கலச் சிலைக்கும் சேர்த்தே பூசிவிடுகிறார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் பெயின்ட் ஏறிய ஒரு வெண்கலச் சிலையில் மேலடுக்கைக் கரைப்பான் போட்டு மெல்ல எடுத்தபோது, அடியில் சிக்கிய உப்புநீர் உலோகத்தைக் குழிகுழியாகத் தின்றிருந்தது. பூசியவர்கள் மரியாதையாகத்தான் பூசினார்கள். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு, மீதி வெள்ளீயமும் வேறு சிலவும். காற்றுபட்டதும் அதன்மேல் செம்பழுப்பாக ஓர் ஆக்சைடு படலம் உருவாகும். காலப்போக்கில் அதன்மீது பச்சைக் களிம்பு ஏறும். கெட்டியாக, விரலில் ஒட்டாமல் இருந்தால் அந்தக் களிம்பால் பயமில்லை. அடியிலுள்ள உலோகத்துக்கு அது ஓரளவு காப்பு.

பயப்பட வேண்டியது வேறொன்று. கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து படலத்துக்கு அடியில் தங்கிவிடும். ஈரம் கிடைத்ததும் வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். அப்போது உண்டாகும் அமிலம் மறுபடி செம்பைத் தாக்கும், மறுபடி அதே குளோரைடு உருவாகும். வெண்கல நோய் என்று இதைச் சொல்வோம். காற்றின் ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டிப் போனாலே இது விழித்துக்கொள்ளும். சென்னையிலோ பெரும்பாலான நாட்களில் 60க்கு மேல்தான். துடைத்த சில நாட்களில் அதே இடத்தில் தூள் திரும்ப வந்தால் நோய் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

வீட்டுச் செம்புக் குடத்துக்குப் புளி சரி. சிலைக்குப் புளி, எலுமிச்சை, துலக்கும் பவுடர் எதுவும் ஆகாது. அவற்றின் அமிலமும் உரசலும் காப்புப் படலத்தைக் கரைத்து வெறும் உலோகத்தை உப்புக்காற்றுக்கு நேராகக் காட்டிவிடும். ஒரு வாரம் மின்னும், பிறகு முன்பைவிட வேகமாக அரிக்கும்.

முறையான வேலை பார்க்க அலுப்பாக இருக்கும். முதலில் எதையும் தொடாமல் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, விரிசல், ஒட்டு, கறை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பழுப்புக் கறை வழிந்தால் கவனம் தேவை. உள்ளே இரும்புக் கம்பி இருந்து துருப்பிடித்து, பருத்து, வெண்கலத்தைப் பிளக்கப் பார்க்கலாம். கழுவுவதற்கு உப்பு நீக்கிய தண்ணீரே வேண்டும். கடற்கரை போர்வெல் தண்ணீரை ஊற்றினால் நோயை நாமே ஊட்டியதாகிவிடும். மென்மையான பிரஷ், மூங்கில் குச்சி, பொறுமை. காக்கை எச்சத்தை ஊறவைத்தே எடுக்க வேண்டும். நோய் கண்ட இடத்தில் மட்டும் சுத்தம் செய்து பென்சோட்ரையசோல் என்னும் அரிப்புத் தடுப்பான். கடைசியில் உலோகத்தை இளஞ்சூடாக்கி மெல்லிய மெழுகுப் பூச்சு. வெயிலும் மழையும் மெழுகைக் கரைத்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இதற்கான செலவு, பாழான பிறகு செய்யும் சீரமைப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலேயே எஸ். பரமசிவன் செப்புத் திருமேனிகளுக்கு வேதியியல் முறையில் சிகிச்சை செய்தார். இருந்தும் பொதுவெளிச் சிலை என்றால் கட்டட வேலைக்கான டெண்டரோடு சேர்த்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பெயின்ட் கான்ட்ராக்டுக்குப் போகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. மதிப்பீட்டிலேயே உலோகப் பாதுகாப்பு வல்லுநரின் ஆய்வைத் தனி இனமாகச் சேர்க்க வேண்டும். ஆய்வு முடியும்வரை எந்தப் பூச்சும் கூடாது என்று எழுத வேண்டும்.

சிங்காரவேலர் 1923இல் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய கடற்கரை இது. மே 1 அன்று தொழிற்சங்கத் தோழர்கள் மாலை போடுவது நிற்க வேண்டாம். இரும்புக் கம்பியில் கட்டிய மாலைக்குப் பதில் நூலில் கட்டியது போதும். அன்று சாயங்காலமே அதைக் கழற்றிவிடுங்கள், ஈரப்பூ உலோகத்தோடு ஒட்டிக் கிடந்து அழுகக் கூடாது. ஏணியைச் சிலையின் உடலில் சாய்க்காதீர்கள். வீட்டு ஆல்பத்தில் 1960களிலோ 70களிலோ அந்தச் சிலைக்கு முன் நின்று எடுத்த படம் இருந்தால், பின்னால் தேதியும் எழுதியிருந்தால், அதை ஸ்கேன் செய்து வையுங்கள். எந்த இடம் எப்போது மாறியது என்பதற்கு அதுபோன்ற படங்கள் எங்களுக்குச் சாட்சி.