குழந்தை அழுத பிறகும் பிரசவம் முடிவதில்லை

யாங்கூனிலும் பெகுப் பக்கத்துக் கிராமங்களிலும் நம் தமிழ் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனால், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்போது பிறக்கும், சயாமா?" மருத்துவச்சியை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்ததும் வீடே குழந்தை பக்கம் திரும்பிவிடுகிறது. தாய்க்கு ஆபத்து அதிகமான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கட்டம் வலி. சூட்டு வலி என்றால் கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். உண்மையான வலி அடங்காது; வரவர நெருங்கும், நீளும். தலைச்சன் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறக்கவே ஒரு நாள் ஆகலாம், பயப்பட வேண்டாம். ஐந்துக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும். அங்கிருந்து முழுதாகத் திறக்கத் தலைச்சனுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது, அடுத்த பிரசவங்களுக்குப் பத்துக்கு மேல் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி. அதுவரை நடக்கலாம், உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். பனிக்குடம் உடைந்தால் நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தாலோ, இரத்தம் கொட்டினாலோ உடனே கிளம்ப வேண்டும். மழைக்காலத்தில் ராத்திரி வண்டி கிடைப்பது கஷ்டம். தூரத்தில் இருப்பவர்கள் வலி வலுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வலி மந்தமாக இருக்கிறதென்று வீட்டிலேயே வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் ஊசி போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கண்காணிப்பு இல்லாமல் போட்டால் குழந்தைக்குப் பிராணவாயு குறையும், கர்ப்பப்பை கிழியவும் கூடும்.

இரண்டாம் கட்டத்தில் கர்ப்பப்பை வாய் பத்து சென்டிமீட்டர் திறந்திருக்கும், முக்கத் தானாகவே உந்துதல் வரும். அதற்கு முன்னால் "முக்கு, முக்கு" என்று அதட்டினால் தாய் களைத்துப்போவதுதான் மிச்சம். மேல்வயிற்றை அமுக்கித் தள்ளவும் கூடாது.

அப்புறம் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி. இங்கேதான் பொறுமையும் கண்ணும் வேண்டும். குழந்தையைத் தாயின் நெஞ்சில் போட்டுத் துடைத்துவிட்டு, ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்துத் தொப்புள்கொடியைக் கட்டலாம். முன்னால் வேண்டாம் என்றேனே, அதே ஆக்ஸிடோசின் ஊசி இப்போது உயிர்காக்கும்: வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லையென்று உறுதி செய்துவிட்டு, பிறந்த ஒரு நிமிடத்துக்குள் பத்து யூனிட். கர்ப்பப்பை சுருங்கினால்தான் நஞ்சு ஒட்டியிருந்த இடத்து இரத்தக் குழாய்கள் மூடும். பெரும்பாலும் அரை மணிக்குள் நஞ்சு விழுந்துவிடும். விழவில்லையென்று பழக்கமில்லாதவர்கள் கொடியைப் பிடித்து இழுத்தால் கர்ப்பப்பையே புரண்டு வெளியே வரலாம். விழுந்த நஞ்சு முழுசா என்று பார்க்க வேண்டும்; ஒரு துண்டு உள்ளே நின்றாலும் உதிரம் நிற்காது.

முதல் இரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொப்புளை ஒட்டித் தொட்டுப் பாருங்கள். கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் கையால் தேய்த்துவிடுங்கள், சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள், சயாமாவைக் கூப்பிடுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாது. இரத்தம் அரை லிட்டருக்கு மேல் போனால் அது உதிரப்போக்கு. ஆனால் வீட்டில் யார் அளக்கிறார்கள்? துணி சில நிமிடத்தில் நனைந்தாலோ, தலை சுற்றி வேர்த்தாலோ, அதுவே போதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

பர்மியர்களைப் போல நம் வீடுகளிலும் மஞ்சள் பூசி, கம்பளியால் இறுக மூடி, அனல் வைக்கிறார்கள். மஞ்சளோடு எனக்குச் சண்டை இல்லை. கம்பளிதான் கவலை, அதற்கடியில் உதிரம் போவது யாருக்கும் தெரியாது. அனலையும் தள்ளி வையுங்கள்.

வீட்டில்தான் பிரசவம் என்றால், ஆக்ஸிடோசின் இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் இருந்ததா என்று முன்கூட்டியே சயாமாவிடம் கேளுங்கள். இங்கே கரண்ட் போவது தெரிந்ததுதானே. கர்ப்பப்பையைச் சுருக்கும், குளிர் தேவைப்படாத மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கையில் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அதையும் குழந்தை பிறந்த பிறகுதான் தர வேண்டும். குழந்தையைப் பார்க்க ஊரே வரும். தாயின் பக்கத்தில் மட்டும் உட்கார ஒருவரை, அத்தையையோ பெரியம்மாவையோ, இப்போதே பேசி வையுங்கள்.