டெத் வேலியில் விமான இரைச்சல்: சராசரி டெசிபெல் ஏன் போதாது?

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் 90 சதவீதத்துக்கும் மேலான நிலம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனாந்தரம். ஆனால் அதன் மேற்குப் பக்கத்து வானம் ஆர்-2508 என்ற ராணுவப் பயிற்சி வான்வெளிக்குள் வருகிறது. 1994-இல் இதைத் தேசியப் பூங்காவாக உயர்த்திய சட்டமே, ராணுவ விமானங்கள் தாழப் பறப்பதற்கும் இடம் கொடுத்துவிட்டது. ஆகவே தடை போட வழியில்லை, பேசித்தான் தீர்க்க வேண்டும். பேச உட்காரும்போது கையில் நம்பகமான அளவீடு வேண்டும்.

அங்கேதான் சறுக்கல். விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்கு 65 டெசிபெல் பகல்-இரவுச் சராசரியை வரம்பாக வைப்பார்கள். அந்தக் கணக்கு பாலைவனத்தில் எடுபடாது. காற்றில்லாத இரவில் பின்னணி 20 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் நான்கு ஜெட்கள் உயரத்தில் போகின்றன. ஒவ்வொன்றும் 5 நிமிடம், 35 டெசிபெல் அளவில் கேட்கிறது. அந்த ஒரு மணி நேரச் சராசரி சுமார் 30 டெசிபெல்தான். இடைநிலை மதிப்போ, அதாவது அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 20-ஐ விட்டு அசையாது. இரண்டையும் பார்ப்பவர் ‘அமைதியான இடம்’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு நேரம் விமானம் காதில் விழுந்திருக்கிறது! அறிக்கையின் முதல் வரியில் வர வேண்டியது இந்தக் கேட்கும் நேரச் சதவீதம்தான்.

இதை அளக்க, மைக்ரோஃபோனை 1.5 மீட்டர் உயரத்தில் முக்காலியில் நிறுத்தி, ஃபோம் உறை போட்டு, பறவை உட்காராதபடி மேலே முட்கம்பிகள் வைக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் 94 டெசிபெல், 1000 ஹெர்ட்ஸ் ஒலியால் சரிபார்க்க வேண்டும்; அரை டெசிபெல்லுக்கு மேல் விலகியிருந்தால் அந்தப் பதிவைச் சந்தேகிக்க வேண்டும். காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டிய நேரங்களைத் தள்ளிவிடுங்கள். ஒரு பருவத்துக்குக் குறைந்தது 25 நாள் பதிவு தேவை. கேபிளை எலி கடிக்கும், எனவே குழாய்க்குள் விட வேண்டும். பேட்டரிப் பெட்டி வெள்ளை நிறத்தில், நிழலில் இருக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் வாகனத்தையும் நிலையான கட்டுமானத்தையும் அனுமதிக்காது. இந்தக் கருவி அவசியம்தானா என்று முன்கூட்டியே எழுத்தில் நிறுவி, எல்லாவற்றையும் முதுகில் சுமந்து போய், முடிந்ததும் திரும்ப எடுத்து வர வேண்டும்.

பலர் கவனிக்காத கோளாறு ஒன்று உண்டு. வழக்கமான அரை அங்குல மைக்ரோஃபோனுக்கே 15 முதல் 18 டெசிபெல் வரை சொந்த இரைச்சல் இருக்கும். நள்ளிரவு முழுவதும் வரைபடம் 17-இல் கோடு கிழித்தது போல நின்றால், அது கருவியின் இரைச்சல். அதை ‘17-க்கும் கீழ்’ என்றே எழுத வேண்டும்.

ஒலிப்பதிவை ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது நேரத்தோடு அதிர்வெண்கள் மாறுவதைக் காட்டும் படமாக, விரித்துப் பார்க்கலாம். ஜெட் கீழ் அதிர்வெண்களில் நீண்ட மேகம் போலத் தெரியும். புரொப்பெல்லர் விமானம் விடும் இணைகோடுகள் கடந்து போகும்போது கீழே சரியும். தூரத்து ஜெட்டையும் காற்றையும் கண் குழப்பிக்கொள்ளும், அதனால் சந்தேகமான துண்டுகளை ஹெட்ஃபோனில் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எந்த விமானம் என்று அறிய, விமானம் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னலை 1090 மெகாஹெர்ட்ஸில் பிடிக்கும் சிறிய ரிசீவர் பெரும்பாலும் போதும். ஆனால் 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலி இறங்க 30 நொடி ஆகும். அதற்குள் விமானம் வெகுதூரம் போயிருக்கும். அந்தத் தாமதத்தைக் கழிக்காவிட்டாலோ, ரெக்கார்டரின் கடிகாரத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒத்துவைக்காவிட்டாலோ வேறு விமானத்தின் மேல் பழி விழும். ராணுவ விமானங்கள் பலவேளைகளில் இந்த சிக்னலை அனுப்புவதில்லை. அவற்றுக்கு ஒலிப்பதிவு மட்டுமே சாட்சி.

இவ்வளவு மெனக்கெடுவது மனிதருக்காக மட்டுமல்ல. கங்காரு எலி, ஆந்தையின் சிறகோசையையும் பாம்பு பாயும் ஒலியையும் கேட்டுத்தான் துள்ளித் தப்புகிறது. அவை தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள். விமான இரைச்சலின் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கிறது. பின்னணி 3 டெசிபெல் ஏறினாலே ஒரு விலங்கால் கேட்க முடிகிற பரப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடும்.